ஒத்தகருத்து வினைச்சொற்களைக் கற்கும் முறை

க.பொ.த. (சாதாரண தர)ப் பரீட்சைக்கு ஆயத்தமாகும் மாணவர்களின் அப்பியாசக் கொப்பிகளிலே ஒரு பக்கத்தைத் தவறாமற் காணலாம். ‘ஒத்தகருத்துச் சொற்கள்’ என்று தலைப்பிட்டுச் சிவப்பு மையாற் கோடிட்டு, அதன்கீழ் நிரல் நிரலாகச் சொற்களை எழுதி வைத்திருப்பார்கள். ‘கூறு – சொல், இயம்பு, செப்பு, பகர், மொழி, நவில், விளம்பு, உரை, பிதற்று, புலம்பு’ என அப்பட்டியல் நீண்டு செல்லும். பரீட்சை நெருங்கியதும் இரவிரவாக இருந்து அதனை மனனஞ் செய்வார்கள்.

பெயர்ச்சொற்களைப் பொறுத்தவரை இம்முறை ஓரளவு பயன் தரும். ஞாயிறு, கதிரவன், பரிதி, ஆதவன் என எதை எழுதினாலும் வானத்தில் நிற்பது ஒரே சூரியன்தான். வினைச்சொற்கள் அப்படிப்பட்டவையல்ல. ஒரு வினையைச் செய்பவர் யார், எதைச் செய்கிறார், யாருக்குச் செய்கிறார் என்பனவெல்லாம் அந்தச் சொல்லோடு ஒட்டிக்கொண்டே வருகின்றன.

தரம் 11 மாணவன் ஒருவன் பரிசளிப்பு விழாவைப் பற்றிக் கட்டுரை எழுதினான். அதில், ‘பிரதம விருந்தினர் கல்வியின் சிறப்பைப் பற்றி ஒரு மணி நேரம் பிதற்றினார்’ என்று ஒரு வாக்கியம் இருந்தது. பட்டியலை அவன் ஒரு பிழையுமின்றி மனனஞ் செய்திருந்தான். பிழை பட்டியலிலேதான் இருந்தது. (விருந்தினர் உண்மையிலேயே அப்படித்தான் பேசினாரோ என்பது வேறு விடயம்.) பிதற்றுதல் என்பது பொருளில்லாமல் உளறுதல். புலம்புதல் என்பது துயரத்தால் வாய்விட்டு அரற்றுதல். இவ்விரண்டும் ‘கூறு’ என்பதற்கு ஒத்தகருத்துச் சொற்களல்ல, கூறும் விதங்கள்.

ஆகவே மாணவர்களே, இப்பாடத்தில் நீண்ட பட்டியல் எதனையும் எதிர்பார்க்க வேண்டாம். சில வினைகளை மாத்திரம் எடுத்து, அவை வாக்கியத்தில் எங்கே பொருந்துகின்றன, எங்கே பொருந்தவில்லை என்று பார்ப்போம்.

விளங்குவதற்கான சொல்லும் எழுதுவதற்கான சொல்லும்

பழைய காலத்துத் திண்ணைப் பள்ளிக்கூடங்களிலே பிள்ளைகள் நிகண்டுகளை மனனஞ் செய்தார்கள். மண்டல புருடர் இயற்றிய சூடாமணி நிகண்டு பன்னிரண்டு தொகுதிகளைக் கொண்டது. அதன் ஒன்பதாவது தொகுதி ‘செயல்பற்றிய பெயர்த்தொகுதி’ எனப்படும். யாழ்ப்பாணம் நல்லூரைச் சேர்ந்த ஆறுமுக நாவலர் 1849 ஆம் ஆண்டு சென்னைக்குச் சென்று முதலில் அச்சேற்றிய நூல்களுள் சூடாமணி நிகண்டுரையும் ஒன்றாகும். அக்காலத்தில் அந்நூலுக்கு எவ்வளவு தேவை இருந்தது என்பதை இதிலிருந்து ஊகிக்கலாம்.

நிகண்டு எதற்காகப் பயன்பட்டது என்பதை மறந்துவிடக் கூடாது. செய்யுளிலே வரும் அரிய சொல்லை விளங்கிக்கொள்வதற்கும், செய்யுள் இயற்றுவோர் எதுகை, மோனைக்கு ஏற்ற சொல்லைத் தேடிக்கொள்வதற்குமே அது பெரிதும் உதவியது. நீங்கள் பரீட்சையில் எழுதுவது உரைநடை. எனவே உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய வினைகள் இருவகைப்படும். ஒன்று, இலக்கியப் பகுதியிற் கண்டால் பொருள் விளங்க வேண்டியவை. மற்றையது, கட்டுரையிலும் கடிதத்திலும் சுருக்கத்திலும் நீங்களே எடுத்தாள வேண்டியவை. நுவல், கிளத்து, கழறு என்பன முதல் வகையைச் சேர்ந்தவை. கூறு, உரை, அறிவி, குறிப்பிடு, எடுத்துரை, வலியுறுத்து என்பன இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. கட்டுரையில் ‘அமைச்சர் நுவன்றார்’ என்று எழுதுவதால் புள்ளி கூடாது. வாசிப்பவருக்குச் சிரிப்புத்தான் வரும்.

‘கூறு’ என்னும் வினையும் அதன் சுற்றமும்

கூறு, சொல் ஆகிய இரண்டும் எவ்விடத்துக்கும் பொருந்தும் பொதுச்சொற்கள். ஏனையவற்றுக்கு ஏதாவதொரு சிறப்புச் சாயல் உண்டு.

‘சாற்று’ என்பது பலரும் அறியச் சொல்லுதல். முரசறைந்து சாற்றினர் என்பது பொருந்தும்; காதுக்குள் சாற்றினான் என்பது பொருந்தாது. ‘கழறு’ என்பதில் கடிந்து திருத்துதல் என்னும் பொருள் கலந்திருக்கிறது. நண்பன் தவறு செய்யும்போது இடித்துரைப்பது கழறுதலாகும். ‘மிழற்று’ என்பது குழந்தையின் மழலைக்கும் கிளியின் பேச்சுக்கும் உரியது. ‘செப்பு’ என்ற சொல்லைத் தொல்காப்பியம் வினாவுக்கு எதிரான விடை என்ற பொருளில் ஆள்கின்றது. பின்னர் அது பொதுவாகச் சொல்லுதலையும் குறித்தது. தெலுங்கு மொழியிலோ இன்றும் அதுவே ‘சொல்’ என்பதற்கான அன்றாடச் சொல்.

‘அறை’ என்பதிலே மிகுந்த கவனம் வேண்டும். செய்யுளில் ‘அறைந்தான்’ என்பது கூறினான் எனப் பொருள்படலாம். உங்கள் கட்டுரையில் ‘ஆசிரியர் மாணவனிடம் அறைந்தார்’ என்று எழுதினால், வாசிப்பவர் கன்னத்தைத் தடவிப் பார்ப்பார்.

இவ்வினைகள் இறந்தகாலத்தில் எவ்வாறு மாறுகின்றன என்பதும் அறியப்பட வேண்டும். இயம்பினான், செப்பினான், விளம்பினான் என்பவை எளியவை. மொழிந்தான், பகர்ந்தான், உரைத்தான் என்பவற்றிலும் சிக்கலில்லை. ஆனால் நவில் ‘நவின்றான்’ ஆகும். புகல் ‘புகன்றான்’ ஆகும். நுவல் ‘நுவன்றான்’ ஆகும். ‘புகன்றான்’ என்பதையும் ‘புகுந்தான்’ என்பதையும் மாறாட்டம் செய்யும் மாணவர்கள் பலர். முன்னையது சொன்னான், பின்னையது உள்ளே நுழைந்தான். பல்தேர்வு வினாவில் இவ்விரண்டும் அருகருகே வந்தால் அவசரப்படாதீர்கள்.

ஈ, தா, கொடு

ஒத்தகருத்து வினைகளுக்கிடையே வேறுபாடு உண்டென்பது புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்ட செய்தியன்று. தொல்காப்பியர் சொல்லதிகாரத்திலே இதனைத் தெளிவாகக் காட்டுகிறார். பின்வந்த நன்னூலாரும் அதனைப் பின்பற்றுகிறார். ஒரு பொருளைத் தரும்படி கேட்கும்போது, தாழ்ந்தவன் உயர்ந்தவனிடம் ‘ஈ’ என்றும், ஒத்தவன் ஒத்தவனிடம் ‘தா’ என்றும், உயர்ந்தவன் தாழ்ந்தவனிடம் ‘கொடு’ என்றும் கேட்பது மரபு என்கின்றனர். மூன்று சொல்லும் கேட்பது ஒன்றையே. ஆனால் கேட்பவர் யார் என்பதைச் சொல்லே காட்டிக் கொடுத்துவிடுகிறது.

இன்றைக்குக் கடையில் நின்று ‘ஒரு இறாத்தல் பாண் ஈ’ என்று எவரும் கேட்பதில்லை. அந்த ஏற்றத்தாழ்வு முறை அப்படியே நிலைத்திருக்க வேண்டுமென்று நாம் விரும்பவும் மாட்டோம். ஆயினும் இந்நூல்கள் கூறும் இன்னொரு வேறுபாடு நமது பேச்சில் இன்றும் உயிரோடு இருக்கின்றது. தன்மைக்கும் முன்னிலைக்கும் ‘தா’ வரும். படர்க்கைக்குக் ‘கொடு’ வரும் என்பதே அது. ‘எனக்குத் தா’, ‘உனக்குத் தருகிறேன்’, ‘அவனுக்குக் கொடு’ என்கிறோம். ‘எனக்குக் கொடு’ என்று ஒருவர் சொன்னால் காதுக்கு ஏதோ இடறுகிறது. இலக்கணம் படியாத அம்மம்மாவும் இதில் பிழை விடமாட்டார். வருதலும் செல்லுதலும் அவ்வாறே. என்னிடம் வந்தான், உன்னிடம் வந்தான், அவனிடம் சென்றான்.

அப்படியானால் உயர்ந்தவன் தனக்காகக் கேட்கும்போது ‘கொடு’ என்று படர்க்கைச் சொல்லால் எப்படிக் கேட்கலாம் என நீங்கள் வினவலாம். அவன் தன்னை வேறொருவன் போல எண்ணிச் சொல்கிறான் என்று தொல்காப்பியரே அதற்கும் அமைதி கூறியுள்ளார்.

உங்கள் பரீட்சைக்கு வேண்டிய பகுதிக்கு வருவோம். கொடுத்தலைக் குறிக்கும் வினைகள் இக்காலத்தில் பின்வருமாறு பிரிந்து நிற்கின்றன. பரிசிலைப் பிரதம விருந்தினர் வழங்குவார். விண்ணப்பத்தை நாம் அதிபரிடம் சமர்ப்பிப்போம். வீதியிற் கண்டெடுத்த பணப்பையைப் பொலிஸ் நிலையத்தில் ஒப்படைப்போம். புதிதாகக் கட்டிய வீட்டின் திறப்பை உரியவரிடம் கையளிப்பார்கள். கோயிலுக்குக் காணிக்கை செலுத்துவோம். இறைவன் அருள்வான். வள்ளல் ஈவான். அதிபருக்கு எழுதும் கடிதத்திலே ‘எனக்கு இரண்டு நாள் விடுமுறை கொடுக்கவும்’ என்று முடித்தால் கருத்து விளங்கும்; ஆனால் அது கட்டளை போலத் தொனிக்கும். ‘விடுமுறை வழங்குமாறு பணிவுடன் வேண்டுகின்றேன்’ என்று எழுதுவதே முறையாகும். கடிதத்திற்குரிய புள்ளியில் ஒரு பங்கு இத்தகைய சொற்றெரிவில் தங்கியிருக்கிறது.

பார்த்தலும் காணுதலும்

‘பார்’ என்பதற்கு ஒத்தகருத்துச் சொல் யாதெனக் கேட்டால் ‘காண்’ என்று எல்லோரும் எழுதுவர். விடை சரியானதே. ஆனால் பின்வரும் வாக்கியத்தை அவதானிக்குக.

‘வீடு முழுவதும் தேடிப் பார்த்தேன், திறப்பைக் காணவில்லை.’

இதில் இரு வினைகளையும் இடம் மாற்றி, ‘தேடிக் கண்டேன், திறப்பைப் பார்க்கவில்லை’ என்று எழுதிப் பாருங்கள். பொருள் தலைகீழாகி விடுகிறது. பார்த்தல் கண்ணைச் செலுத்தும் முயற்சி; காணுதல் அம்முயற்சியின் பேறு. பார்த்தும் காணாதிருக்கலாம். நோக்குதல் ஒன்றைக் குறியாகக் கொண்டு பார்த்தல். அவதானித்தல் கவனத்தோடு பார்த்து மனதிற் கொள்ளல். விஞ்ஞானப் பாடத்தில் நீங்கள் தினமும் எழுதும் சொல் இது. கோயிலிலே தரிசிக்கிறோம். பாடசாலையைக் கல்விப் பணிப்பாளர் பார்வையிடுகிறார். வைத்தியசாலையில் இருக்கும் உறவினரைச் சென்று பார்க்கிறோம். அவரைத் தரிசிப்பதுமில்லை, அவதானிப்பதுமில்லை.

உண்ணுதல், தின்னுதல், பருகுதல்

சோறு உண்போம், முறுக்குத் தின்போம், பால் பருகுவோம், தேன் நக்குவோம் என்று உணவின் தன்மைக்கேற்ப வினை மாறுவது தமிழ் மரபு. நீர் அருந்தலாம், நீரைத் தின்ன முடியாது. கச்சானைக் கொறிக்கலாம். மாடு புல்லை மேயும். ‘தின்’ என்பது மனிதருக்கு வந்தால் இடத்தைப் பொறுத்துப் பொருள் மாறும். ‘பிட்டைத் தின்னு பிள்ளை’ என்று வீட்டிலே பெரியவர் சொல்வதில் அன்பு இருக்கிறது. ‘விருந்தினர் வயிறாரத் தின்றனர்’ என்று கட்டுரையில் எழுதினால் அது இகழ்ச்சி. அவ்விடத்தில் ‘உண்டனர்’ அல்லது ‘உணவருந்தினர்’ என்பதே தகும்.

இங்கே ஒரு சிக்கல் எழுகிறது. ‘சோறும் பழமும் பாயாசமும்’ என்று மூன்றையும் சேர்த்துச் சொல்ல நேர்ந்தால் எந்த வினையைப் போடுவது? ஒன்றுக்குரிய வினையைப் போட்டால் மற்றையவற்றுக்குப் பொருந்தாது. இத்தகைய இடத்தில் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு வினையால் முடிக்க வேண்டும் என்று தொல்காப்பியமும் நன்னூலும் விதிக்கின்றன. பழைய நடையில் ‘அயின்றார்’, ‘மிசைந்தார்’ என்பன அத்தகைய பொதுவினைகள். இக்காலத்தில் ‘உட்கொண்டார்’ என்று எழுதலாம். ஆடை உடுத்தல், பூச் சூடுதல், சந்தனம் பூசுதல் என்பவற்றுக்கு ‘அணிதல்’ பொதுவினையாகும். குழல் ஊதுதல், பறை கொட்டுதல், யாழ் மீட்டல் என்பவற்றுக்கு ‘இசைத்தல்’ என்பதைக் கொள்ளலாம். வாக்கியப் பிழை திருத்தும் வினாக்களுக்கு மிகவும் உகந்த பகுதி இது.

இறப்பைக் கூறும் வினைகள்

ஒரு வகுப்பில், தந்தையை இழந்த நண்பனுக்கு அனுதாபக் கடிதம் எழுதும் பயிற்சி கொடுக்கப்பட்டது. ‘உன் தந்தை மாண்ட செய்தி கேட்டு ஆறாத் துயரடைந்தேன்’ என்று தொடங்கி ஒரு மாணவி எழுதியதை எழுந்து வாசித்தாள். அவ்வகுப்பிலே அந்த வருடந்தான் தந்தையைப் பறிகொடுத்த பிள்ளை ஒன்றும் இருந்தது. வாசித்து முடிந்ததும் சிறிது நேரம் எவரும் பேசவில்லை. எழுதிய மாணவி இரக்கத்தோடுதான் எழுதினாள். இற, மாள், மடி, சா எல்லாம் ஒன்று என்று அவளுடைய கொப்பி சொல்லியிருந்தது.

மாள், மடி என்பன பெரும்பாலும் போர்க்களத்துக்கும் பேரழிவுக்கும் உரியவையாக வழங்குகின்றன. உறவினரின் மறைவைச் சொல்லும்போது ‘காலமானார்’ என்பதே பொதுவான மதிப்புச் சொல். நமது பத்திரிகைகளின் மரண அறிவித்தல்களைப் பாருங்கள். சைவர்களுக்கு ‘இறைவனடி சேர்ந்தார்’, ‘சிவபதமடைந்தார்’ என்றும், கிறிஸ்தவர்களுக்குக் ‘கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்’ என்றும், முஸ்லிம்களுக்கு ‘வபாத்தானார்’ என்றும் எழுதுவர். இறந்தவரின் சமயம், குடும்பத்தாரின் நம்பிக்கை எல்லாம் அந்த ஒரு வினையில் அடங்கியிருக்கின்றன. எனவே அனுதாபக் கடிதம் எழுதும்போது யாருடைய வீட்டுக்கு எழுதுகிறோம் என்பதை முதலில் நினைத்துக்கொள்ளுங்கள்.

செய்திக் கட்டுரைக்கு இன்னொரு நடை வேண்டும். ‘2004 டிசம்பர் 26 ஆம் திகதி ஏற்பட்ட ஆழிப்பேரலையினால் இலங்கையில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்’ என்பது நேரான செய்தி வாக்கியம். ‘முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கடல் காவுகொண்டது’ என்று எழுதினால் எழுவாய் மாறிவிடுகிறது. கடலே செய்பவராகி நிற்கிறது. உணர்ச்சியை வெளிப்படுத்தும் கட்டுரைக்கு அது பொருந்தும். அறிக்கைக்கு முதலாவதே பொருந்தும். ‘செத்தனர்’ என்பது பழந்தமிழ்ச் சொல்லாயினும் இன்றைய எழுத்து நடையில் மனிதருக்கு மதிப்புத் தருவதில்லை.

‘இற’ என்பதன் பழைய பொருள் கடத்தல் என்பதாகும். கடந்துபோன காலத்தை இறந்தகாலம் என்பது அதனாலேயே.

தன்வினை, பிறவினை பார்த்தல்

கருத்து ஒத்திருந்தாலும் வினையின் வகை ஒத்திராவிட்டால் அச்சொல்லை இடம் மாற்ற முடியாது. 1978 நவம்பர் மாதம் மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியைப் பற்றி இரு வாக்கியங்கள் தருகிறோம்.

‘சூறாவளியால் தென்னைகள் அழிந்தன.’
‘சூறாவளி தென்னைகளை அழித்தது.’

முதலாவதில் உள்ள வினைக்குச் ‘சிதைந்தன’ ஒத்துவரும், ‘சிதைத்தன’ ஒத்துவராது. ஓரெழுத்து வேறுபாட்டில் தென்னைகளே எதையோ சிதைத்ததாகப் பொருள் வந்துவிடும். திருந்து – திருத்து, அடங்கு – அடக்கு, உருளு – உருட்டு ஆகிய இணைகளையும் இவ்வாறே நோக்குக.

இவ்வேறுபாடு இலக்கணப் புத்தகத்துக்கு மாத்திரம் உரியதன்று. நம் நாட்டில் ‘காணாமற் போனோர்’ என்ற தொடரும் ‘காணாமல் ஆக்கப்பட்டோர்’ என்ற தொடரும் வழங்குகின்றன. முதலாவதில் ‘போ’ என்னும் தன்வினை இருக்கிறது. போனவர் தாமாகவே போனார் என்றும் கொள்ள இடமுண்டு. இரண்டாவதில் ‘ஆக்கு’ என்னும் பிறவினை செயப்பாட்டு வினையாகி வருகிறது. செய்தவர் பெயர் சொல்லப்படாவிட்டாலும் செய்தவர் ஒருவர் உண்டென்று அது சொல்கிறது. பிள்ளைகளைத் தேடும் தாய்மார் இரண்டாவது தொடரையே வற்புறுத்திப் பயன்படுத்துவதன் காரணம் உங்களுக்கு இப்போது இலக்கண வாயிலாகவும் விளங்கும்.

எந்த உருபு?

வினைச்சொல்லை மாற்றும்போது அதற்கு முன்னுள்ள வேற்றுமை உருபையும் மாற்ற வேண்டி வரலாம். மாணவர்கள் அதிகம் தவறவிடும் இடம் இதுவே. அவனுக்கு உதவினேன், ஆனால் அவனை ஆதரித்தேன். அவனைச் சினந்தாள், ஆனால் அவன்மீது கோபங்கொண்டாள். அவனைச் சந்தித்தேன்; அவனோடு உரையாடினேன்; அவனிடம் கூறினேன்; அவனுக்கு அறிவித்தேன். சொல்லை மாத்திரம் மாற்றி உருபை மாற்றாது விட்டால், ‘அவனுக்கு ஆதரித்தேன்’ போன்ற வாக்கியங்கள் தோன்றும்.

உங்கள் ஊர்ச் சொற்கள்

‘செய்’ என்ற வினையையே எங்கும் போட்டு நிரப்புவோர், தம் ஊரிலே வழங்கும் சொற்களை மறந்துவிடுகின்றனர். பனையோலைப் பெட்டியைச் செய்வதில்லை, இழைக்கிறோம். கிடுகு பின்னுகிறோம், கூரை வேய்கிறோம், வேலி அடைக்கிறோம். குயவர் பானை வனைகிறார். மலையகத்திலே கொழுந்து பறிக்கின்றனர். வயலிலே நெல் அறுக்கின்றனர். மட்டக்களப்பிலே அதனை வேளாண்மை வெட்டுதல் என்பர். இவற்றை அறிந்த மாணவர் கிராமத்தைப் பற்றிக் கட்டுரை எழுதும்போது வேறு எவரும் எழுத முடியாத வாக்கியங்களை எழுதுவார்.

பேச்சு வழக்கு வினைகள் சிலவற்றில் மாத்திரம் கவனம் தேவை. ‘கதைத்தல்’ என்று நாம் பேச்சிற் சொல்வதை எழுத்தில் ‘பேசுதல்’, ‘உரையாடுதல்’ என்றும், ‘வெளிக்கிடுதல்’ என்பதைப் ‘புறப்படுதல்’ என்றும் எழுதுக. ஆனால் சிறுகதையில் பாத்திரம் பேசும்போது ‘வெளிக்கிட்டனான்’ என்றே வரலாம், அது பிழையாகாது. ஊர்ப்புறத்து முதியோர் வாயிற் கேட்கும் ‘பறைதல்’ கொச்சையென்று எண்ணிவிட வேண்டாம். அது சொல்லுதல் என்ற பொருளில் இலக்கியத்திலும் உள்ள சொல். மலையாளத்தில் இன்றும் ‘சொல்’ என்பதற்கான அன்றாட வினை அதுவே.

கொப்பியில் எவ்வாறு எழுதுவது?

வினையை வினையாக மாத்திரம் எழுதாமல், ஒரு சிறு வாக்கியத்தில் வைத்து எழுதுக. ‘ஒப்படை = கொடு’ என்பதற்குப் பதிலாக, ‘மாணவி பணப்பையைப் பொலிசாரிடம் ஒப்படைத்தாள்’ என்று எழுதினால் யார், எதை, யாரிடம், இறந்தகால வடிவம் யாது என்ற நான்கும் ஒருங்கே கிடைத்துவிடும். ஒரு நாளைக்கு ஐந்து வினை போதும். கடந்தகால வினாத்தாள் ஒன்றில் நான்கு விடைகளில் எது சரியென்று கண்டுபிடித்த பின்னர், மற்றைய மூன்றும் ஏன் பொருந்தவில்லை என்பதையும் ஒரு வரியில் எழுதிப் பழகுக. நேரம் எடுக்கும், ஆயினும் ஒரு வினாவில் நான்கு வினாவின் பயிற்சி கிடைக்கிறது.

பயிற்சி

1. ‘அந்தப் புத்தகத்தை எனக்குத் ________.’ இடைவெளிக்குப் பொருத்தமான வினையை எழுதுக; ‘அவனுக்கு’ என மாற்றினால் வினை எவ்வாறு மாறும் எனவும் எழுதுக.

2. ‘அரசன் ஆணையை முரசறைந்து சாற்றினர்.’ ‘சாற்றினர்’ என்பதன் கருத்து: (1) முணுமுணுத்தனர் (2) பலரறிய அறிவித்தனர் (3) கடிந்துரைத்தனர் (4) விடையளித்தனர்

3. கூட்டத்திற் சேராத வினை: (1) அருந்து (2) பருகு (3) கொறி (4) குடி

4. ‘மழைவெள்ளத்தால் வீதிகள் சேதமடைந்தன.’ ‘சேதமடைந்தன’ என்பதற்குப் பதிலாக வரத்தக்கது: (1) சிதைத்தன (2) அழித்தன (3) சிதைந்தன (4) குலைத்தன

5. பிழை திருத்துக: ‘விழாவிற்கு வந்தோர் மாலையும் சந்தனமும் பட்டாடையும் உடுத்திருந்தனர்.’

6. பிழை திருத்துக: ‘ஆசிரியர் மாணவனுக்குக் கண்டித்தார்.’

7. ‘கடற்கரையெங்கும் தேடியும் தாய் மகனைக் ________.’ (1) பார்க்கவில்லை (2) காணவில்லை (3) நோக்கவில்லை (4) அவதானிக்கவில்லை

8. உங்கள் பாடசாலை நூலகத்திற்குப் பழைய மாணவர் ஒருவர் நூறு நூல்களைக் கொடுத்தார். இச்செய்தியை அறிக்கையில் எழுதுவதற்குக் ‘கொடுத்தார்’ என்பதிலும் சிறந்த வினையொன்றைத் தெரிந்து வாக்கியத்தை எழுதுக.

விடைகள்

1. தா. ‘அவனுக்கு’ என வந்தால் ‘கொடு’ எனும் வினை வரும். 2. விடை (2). 3. விடை (3), ஏனையவை நீர்மப் பொருள்களுக்குரியவை. 4. விடை (3), ஏனைய மூன்றும் பிறவினைகள். 5. ‘அணிந்திருந்தனர்’ என வரவேண்டும். சந்தனம் பூசுவது, மாலை சூடுவது, பொதுவினையாலேயே முடிக்கலாம். 6. ‘மாணவனைக் கண்டித்தார்.’ 7. விடை (2). இடைவெளிக்கு முன்னுள்ள ‘மகனைக்’ என்பதிலுள்ள ககர மெய்யும் விடையைக் காட்டுகிறது; ‘பார்க்கவில்லை’ ஆயின் ‘மகனைப்’ என்று வந்திருக்கும். முதலாம் வினாவிலும் ‘எனக்குத்’ என்பதில் இதே உதவி உண்டு. 8. ‘அன்பளிப்புச் செய்தார்’ அல்லது ‘வழங்கினார்’ என எழுதலாம். ‘ஈந்தார்’ என எழுதினால் நூலகம் இரந்து கேட்டது போலாகும். ‘ஒப்படைத்தார்’ என எழுதினால் அவை ஏற்கெனவே பாடசாலைக்குச் சொந்தமான நூல்களாக இருந்திருக்க வேண்டும். நீண்ட நாள் இரவல் வைத்திருந்தவர் திருப்பித் தந்ததாகவே வாசிப்பவர் எண்ணுவார்.